பழுவூர்ப் பழி

எங்கள் ஆலத்தியூர் வீட்டில் பொன்னியின் செல்வன் புத்தகமாக இருந்ததில்லை, கட்டாகத்தான் இருந்தது. அப்பாயியின் தம்பி ஆரம்பப் பள்ளி வாத்தியார். 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த தொடரை ஒரு வாரம் விடாமல் வாங்கியவர். கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, கோணி ஊசியும் சணலும் கொண்டு தைத்து, பழைய காலண்டர் அட்டையை மைதாப் பசையால் மேலே ஒட்டி வைத்திருந்தார். ஐந்து பாகத்துக்கு ஏழு கட்டு. பூச்சி அரிக்காமல் இருக்கப் பக்கங்களுக்கு நடுவே வேப்பிலை போட்டிருப்பார். கட்டைப் பிரித்தால் சருகு மடியில் கொட்டும். அவர் காலமான பிறகு அந்த ஏழு கட்டும் எங்கள் வீட்டுப் பரணுக்கு வந்தன.

அப்பாயிக்கு எழுத்து தெரியாது. அத்தை எட்டாவது வரை படித்தவர். அத்தை படிக்க, அப்பாயி கேட்க, கூடவே விதைக்கடலை உடைக்க வந்த பெண்களும் கேட்க, அந்த நாவல் எனக்குக் காது வழியாகத்தான் வந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஆடிப் பட்டத்துக்கு விதை வேண்டுமென்று ஆனி மாதமே திண்ணையில் கடலையைக் கொட்டிவிடுவார்கள். மரக்காலுக்கு இவ்வளவு என்று கூலி. விதைக்கடலையில் பருப்பு இரண்டாகப் பிளந்துவிடக் கூடாது, மேல்தோல் உரியக் கூடாது. அதனால் காயின் மூக்கைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பிரிப்பார்கள். பத்துப் பேர் உட்கார்ந்து தட்டினால் தூறல் மழை ஓட்டின் மேல் விழுவது போல் ஒரு சத்தம். அத்தை நிலைப்படியில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு படிப்பார். கதை சாதாரணமாகப் போகும்போது தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். குடந்தை சோதிடர் வீட்டிலோ கடம்பூர் மாளிகையிலோ ஏதாவது நடக்கப் போகிறது என்றால் சத்தம் குறையும். முழுக்க நின்றுவிட்டால், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நானும் விழித்துக்கொள்வேன்.

கதையில் வரும் ஊர்களில் பாதிக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ் மாறிப் போய்விடலாம். வீரநாராயண ஏரி என்றால் வீராணம். எங்கள் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு அதில்தான் பாசனம். கடம்பூர் காட்டுமன்னார்கோவில் பக்கம். பழுவூர் எங்கள் அரியலூருக்குத் தெற்கே, கீழப்பழுவூர், மேலப்பழுவூர் என்று இரண்டாக இருக்கிறது. அந்தப் பெண்களுக்குக் கதையில் வரும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலை தூரத்துத் தஞ்சாவூர் ராஜாங்கத்து விவகாரம் கிடையாது. பக்கத்து ஊர்ச் சாவு.

அந்தக் கொலை நடக்கும் பக்கம் எங்கள் கட்டில் இல்லை. கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைந்து இருள் சூழும் இடத்தில் ஒரு தாளை யாரோ கத்தரித்து எடுத்திருந்தார்கள். மணியம் வரைந்த படம் அதில் இருந்திருக்க வேண்டும். படத்துக்கு ஆசைப்பட்டவர்கள் பின்பக்கத்து எழுத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த இடம் வந்ததும் அத்தை கட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் வாத்தியார் மாமா படிக்கக் கேட்ட ஞாபகத்திலிருந்து சொல்வார். ஒவ்வோர் ஆனிக்கும் அது கொஞ்சம் மாறும். ஒரு வருஷம் ரவிதாசன் ஆட்கள் குத்தினார்கள். ஒரு வருஷம் நந்தினியின் கை. இன்னொரு வருஷம் பெரிய பழுவேட்டரையர் வீசிய கத்தி குறி தவறிப் பட்டது.

“போன வருசம் வேற ஆளச் சொன்னியே?” என்று ஒரு பெண் கேட்டார்.

“இருட்டுல நடந்ததுக்கு நான் என்னத்தச் சொல்ல?” என்றார் அத்தை.

அப்பாயி அதற்கு ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வார். “ராசாவ வெளியூரான் வந்து குத்த முடியாது. சோறு போட்டு, வாசக்கதவ சாத்துனவன் ஒருத்தன் இருப்பான்.”

வெகுநாள் கழித்து அச்சுப் புத்தகத்தில் அந்த அத்தியாயத்தைத் தேடிப் படித்தேன். அத்தை பொய் சொல்லவில்லை. கதையை எழுதிய கல்கி அந்த முடிச்சை அவிழ்க்காமலேதான் விட்டிருக்கிறார். நாவலின் நாயகன் வந்தியத்தேவன் மேல் பழி விழுகிறது. பெரிய பழுவேட்டரையர் தன் கையால் நேர்ந்தது என்கிறார். நந்தினிக்கும் ரவிதாசன் கூட்டத்துக்கும் காரணம் இருந்தது, வாய்ப்பும் இருந்தது. இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் நம்மை இழுத்துக்கொண்டு போனவர், கொன்றது யார் என்ற கேள்வியை இருட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். எனக்கு அது இப்போது பெரிய நேர்மையாகத் தெரிகிறது. வரலாற்றில் தெரியாததைத் தெரிந்ததாக அவர் சொல்லவில்லை.

சிறுவனான எனக்கு அந்த நிதானம் எங்கே இருந்தது? சதி செய்தவர்கள் பழுவூர்க்காரர்கள், அவ்வளவுதான். நள்ளிரவில் கடம்பூரில் கூடிப் பேசியவர் பெரிய பழுவேட்டரையர். கோட்டைச் சாவியை வைத்திருந்தவர் சின்னப் பழுவேட்டரையர். மூடுபல்லக்கில் வந்தவள் பழுவூர் இளைய ராணி நந்தினி. அரியலூர் தாண்டி பஸ் போகும்போது கண்டக்டர் “பழுவூர் எறங்கு” என்று குரல் கொடுத்தால், ஏறுகிற ஆட்களின் முகத்தைப் பார்ப்பேன். கோவணமும் தலைப்பாகையுமாய் வெண்டைக்காய் மூட்டையோடு ஏறுவார்கள். அவர்களிடமும் ஏதோ ஒன்று ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றும்.

ஆறாம் வகுப்புக்கு என்னை வெளியூரில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். என் பக்கத்துப் பாய் மேலப்பழுவூர்ப் பையன். முதல் நாளே அவனுக்கு நான் வைத்த பெயர் ‘சதிகாரன்’. பொன்னியின் செல்வன் தெரிந்த பையன்கள் நாலைந்து பேர் இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. அவனுக்குக் கதை தெரியாது. அவன் வீட்டில் வாரப் பத்திரிகை வாங்கியவர்கள் யாரும் இல்லை. எதற்காகத் தன்னை அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்றே தெரியாமல் ஒரு வருஷம் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தான்.

ஒரு நாள் என் ஜியாமெட்ரி பாக்ஸ் காணவில்லை. யார் எடுத்திருப்பார்கள் என்று கேட்டார்கள். “பழுவூர்க்காரன்தான் எடுத்திருப்பான்” என்றேன். சும்மா சொல்லவில்லை, நம்பியே சொன்னேன். அவனுக்குப் பிரம்படி விழுந்தது. கை இரண்டையும் அக்குளில் வைத்துக்கொண்டு அன்று ராத்திரி அவன் படுத்திருந்தது இன்னமும் கண்ணில் நிற்கிறது. மறு வாரம் ஊருக்குப் போக டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது, அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே பாக்ஸ் கிடந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. இதை எழுதும்போது எனக்கு அறுபது வயது தாண்டிவிட்டது, மனசு இன்னும் ஆறவில்லை.

எண்பதுகளில் திருச்சியில் கல்லூரியில் படித்தபோது, வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் எங்களைக் காட்டுமன்னார்கோவிலுக்கு அழைத்துப் போனார். ஊரை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில். கருவறையின் கல்லில் எழுத்து. எண்ணெய்ப் பிசுக்கேறியிருந்த இடத்தை அவர் ஈரத் துணியால் துடைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துக் காட்டினார். நேராக அடித்தால் எழுத்து தெரியாது, சாய்த்து அடித்தால் வெட்டில் நிழல் விழுந்து ஒவ்வொன்றாக எழும்பி வரும். ராஜராஜ சோழனின் இரண்டாம் ஆட்சியாண்டு, அதாவது ஏறத்தாழ 987. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு மன்னன் அனுப்பிய ஆணை. பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சொல்லி, பெயர் வரிசை வருகிறது. சோமன். அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன். அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன். அவர்களோடு பிறந்த மலையனூரான்.

நான் அடுத்த வரியில் பழுவேட்டரையரைத் தேடினேன். இல்லை. நந்தினி இல்லை. நாவலில் ரவிதாசன் கூட்டத்தைக் குறிக்கும் பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள் என்ற சொல்லும் இல்லை. ரவிதாசனும் சோமனும் பரமேசுவரனும் கல்லிலிருந்து கல்கியிடம் போனவர்கள். மற்றது அவர் கற்பனை. நந்தினி முழுக்க அவர் படைப்பு. அப்படி ஒரு பெண்ணைப் படைத்த கைக்குக் கோடி கும்பிடு போடலாம். ஆனால் பழுவூர் உண்மையான ஊர், பழுவேட்டரையர் உண்மையான குலம். அந்தக் கல்லின் முன்னால் எனக்கு நினைவுக்கு வந்தது, அக்குளில் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்த பையன்.

பேராசிரியர் அந்தப் பட்டங்களைக் கவனிக்கச் சொன்னார். பிரம்மாதிராஜன் என்பது சோழ அரசில் உயர்ந்த பதவியில் இருந்த பிராமணர்களுக்குக் கொடுத்த பட்டம். பஞ்சவன் என்ற சொல் பாண்டியனைக் குறிக்கும். ஆனால் தம்பியின் பட்டத்தில் இருப்பது இருமுடிச் சோழன் பெயர். ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு அரசு வாடை. வீரபாண்டியன் தலையைக் கொண்டதற்கான பழிவாங்கலா, அரண்மனைக்குள்ளிருந்தே கிளம்பியதா என்று இந்தப் பட்டங்களை வைத்துத்தான் ஆய்வாளர்கள் வாதாடி வருகிறார்கள். சோறு போட்டவன் ஒருத்தன் இருப்பான் என்று எழுத்தறியாத அப்பாயி சொன்னது அங்கே என் காதில் மறுபடி விழுந்தது.

கரிகாலன் இறந்தது 970ஐ ஒட்டி. கல்வெட்டு 987. நடுவில் உத்தம சோழன் ஆண்டான். அவ்வளவு காலம் இந்தத் துரோகிகளின் சொத்துகள் பறிக்கப்படவில்லையே, அப்படியானால் உத்தமனுக்குப் பங்கு இருக்குமோ என்ற ஐயத்தை எழுப்பியவர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. அதை மறுத்தவர் தி.வை. சதாசிவ பண்டாரத்தார். உத்தமன் குற்றவாளி என்றால் அவன் மகன் கண்டராதித்தனை ராஜராஜன் உயர்ந்த பொறுப்பில் வைத்திருப்பானா என்பது அவர் கேள்வி. திருவாலங்காட்டுச் செப்பேடோ, ஆதித்தன் விண்ணுலகம் காண ஆசைப்பட்டுப் போனான் என்ற பாங்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. மகனைக் கொலைக்குக் கொடுத்த குடும்பம் செப்பேட்டில் அதற்கு மேல் பேசவில்லை.

என்னை அந்தக் கல்லில் வேறொன்று உறுத்தியது. கொன்றவர்களோடு ஆணை நிற்கவில்லை. அவர்களுடைய மனைவிமார், மக்கள், தகப்பனோடு பிறந்தவர்கள், தாயோடு பிறந்த மாமன்மார், அவர்கள் வீட்டுப் பெண்ணைக் கட்டியவர்கள் என்று உறவை வரிசையாக எண்ணி, எல்லாருடைய நிலத்தையும் பறிக்கச் சொல்கிறது. அந்த நிலத்தில் ஒரு பகுதியை ஒருவர் விலைக்கு வாங்கிக் கோயிலில் தருமம் வைத்ததால்தான் செய்தியே கல்லில் ஏறி நமக்குக் கிடைத்தது. ஏறத்தாழ 17 வருஷம் முன்பு யாரோ செய்த கொலைக்கு, அவன் வீட்டில் பெண் கட்டிய பாவத்துக்காக நிலத்தை இழந்தவனும் அதில் இருந்திருப்பான். அந்த ஆளைப் பற்றி யாரும் நாவல் எழுதவில்லை.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது நான் பெரம்பலூரில் கணக்கெழுதும் வேலையில் இருந்தேன். அப்போது எல்லாமே திருச்சி மாவட்டம். மறுநாள் கடைகள் அடைத்திருந்தன. தெருவில் நின்றவர்கள் பேசியது எல்லாம் எனக்குத் திண்ணையில் கேட்ட பேச்சாகவே இருந்தது. உள்ளே ஆள் இல்லாமல் நடக்குமா? யார் அழைத்து வந்தது? யாருக்கு லாபம்? ஊருக்குப் போனபோது அத்தை கேட்டார்: “வெளக்க அணைச்சது ஆருன்னு தெரிஞ்சுதா?” கொலை என்றால் அதற்கு ஒரு கடம்பூர் மாளிகை வேண்டும் என்று எங்களுக்கு அந்தக் கதை பழக்கியிருந்தது. அது ஒரு வகையில் நல்ல பழக்கம், கேள்வி கேட்கச் சொல்கிறது. பெயர் தெரியாத இடத்தில் கைக்குக் கிடைத்தவனின் பெயரை எழுதிவிடவும் அதே பழக்கம்தான் தூண்டுகிறது.

நான் குடியிருந்த தெருவில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று வாடகைக்கு இருந்தது. அந்த அம்மா பொன்னியின் செல்வன் வாசகி. “எங்கட வீட்டிலையும் இதைத்தான் வாசிச்சு வளந்தனாங்கள்” என்று சொல்லி, ஈழத்தில் நடக்கும் இரண்டாம் பாகத்தை என்னிடம் இரவல் வாங்கியிருந்தார். மே மாதம் முடிவதற்குள் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவர்களிடம் ஒரு குற்றமும் காணவில்லை. ‘அவர்கள் ஆட்கள்’ என்பதே போதுமாக இருந்தது. போகும் நாளில் அந்த அம்மா புத்தகத்தைத் துணிப்பையில் போட்டு வாசலில் வந்து கொடுத்தார். “இன்னும் முடிக்கேல்லை தம்பி, பரவாயில்லை” என்றார். வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரு பார்த்துக்கொண்டிருந்தது. 1992 தொடக்கத்தில் அகதிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். அந்தக் குடும்பம் எங்கே போனது என்று தெரியவில்லை.

ராஜீவ் கொலையைப் பற்றிய விசாரணைகள் ஒரு பக்கம் நடந்தன. ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை கிளப்பிய புயலில் 1997இல் குஜ்ரால் அரசே கவிழ்ந்தது. கதை சொல்லிகளுக்கோ வழி அடைபட்டது. அந்தக் கொலையை வைத்து ஆர்.கே. செல்வமணி எடுத்த ‘குற்றப்பத்திரிகை’ படம் பல ஆண்டுகள் தடைபட்டு 2007இல்தான் திரைக்கு வந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கொலையை யார் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம், நேற்றைய கொலையைத் தொட்டால் கதவு சாத்தப்படும். அமெரிக்காவில் வேறு மாதிரி நடந்தது. ஜான் கென்னடி கொலையைச் சதியாகச் சித்திரித்து ஆலிவர் ஸ்டோன் எடுத்த படம் 1991 கடைசியில் வந்தது. அதில் அவர் காட்டிய பலதை வரலாற்றாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் படம் எழுப்பிய சத்தத்தில், அரசு பூட்டி வைத்திருந்த ஆவணங்களைத் திறக்க மறு ஆண்டே சட்டம் வந்தது. கற்பனை இப்படி ஆவணத்தை நோக்கி மக்களைத் திருப்பினால் அதைவிடப் பெரிய பயன் இல்லை. என்னை உடையார்குடிக்குக் கூட்டிப்போனதும் ஆதியில் அத்தையின் குரல்தானே.

இப்போதைய கதைக்கு வருகிறேன். ஆலத்தியூரில் சிமென்ட் ஆலை வந்தது 1997இல். கரிசல் காட்டில் உழும்போது கிளிஞ்சலும் கல்லான நத்தையும் கிடைக்கும். கடல் இருந்த பூமி, சுண்ணாம்புக் கல் பூமி. அந்தக் கல்தான் ஆலையைக் கூட்டி வந்தது. எங்கள் வீடு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் இப்போது லாரிகள் வரிசையாக நிற்கின்றன. மாவட்டமும் திருச்சியிலிருந்து பெரம்பலூர், பெரம்பலூரிலிருந்து அரியலூர் என்று மாறிவிட்டது. கடலை உடைக்க இயந்திரம் இருக்கிறது. அத்தை போய்ப் பத்து வருஷம். ஏழு கட்டில் மூன்றைக் கரையான் தின்றது போக நாலு என்னிடம் இருக்கின்றன.

2022 செப்டம்பர் 30 அன்று மணிரத்னத்தின் படம் வந்தபோது, எங்கள் பக்கத்து ஜனங்கள் வேன் பிடித்துப் போய்ப் பார்த்தார்கள். அடுத்த ஏப்ரலில் இரண்டாம் பாகம். படம் கொலையைத் தன் போக்கில் காட்டியது. அது கலைஞனின் உரிமை. காலச்சக்கரம் நரசிம்மா தம் ‘சங்கதாரா’வில் கரிகாலனின் தங்கை குந்தவையின் பக்கம் கையை நீட்டினார், பாலகுமாரன் ‘உடையா’ரில் அந்தக் கொலையை வேறு கோணத்தில் பார்த்தார். எழுதட்டும். நாவல் என்று அட்டையில் போட்டு எழுதுகிறார்கள், நாமும் நாவல் என்று தெரிந்து படிக்கிறோம்.

என்னைக் கலங்கவைப்பது கைபேசியில் வருவது. போன தீபாவளிக்கு என் தம்பி மகன், “பெரியப்பா, கரிகாலனைக் கொன்னது யாருன்னு கண்டுபிடிச்சுட்டாங்க” என்று ஒரு வீடியோவைக் காட்டினான். எட்டு நிமிஷம். உடையார்குடிக் கல்வெட்டின் படமும் அதில் இருந்தது. பேசியவர் நாலு பெயரையும் சரியாகச் சொன்னார். பிறகு அந்த நாலு பேரின் சாதியைச் சொன்னார். பிறகு அந்தச் சாதியே அன்றும் இன்றும் துரோகம் செய்வது என்று முடித்தார். அடுத்த வீடியோ அதற்குப் பதில். கொன்றவர்கள் அவர்கள் இல்லை, இன்ன குலத்தவர்தான் என்று வேறு ஒரு சாதியைக் காட்டியது. அதற்குக் கீழே ஆயிரக்கணக்கில் வசை. நாவல் வேறு, கல் வேறு என்ற பிரிப்பே அங்கே இல்லை. நந்தினியின் பெயரும் ரவிதாசனின் பெயரும் ஒரே மூச்சில், இரண்டும் கல்லில் இருப்பது போல வருகின்றன. பையன் பன்னிரண்டாவது படிக்கிறான். அவன் வகுப்பில் அந்தச் சாதிகளின் பிள்ளைகளும் இருப்பார்கள்.

நான் அவனிடம் ஜியாமெட்ரி பாக்ஸ் கதையைச் சொன்னேன். குடும்பத்தில் முதன்முதலாக அதைக் கேட்டவன் அவன்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவரு இப்ப எங்க இருக்காரு?” என்றான். ஊரில்தான் இருப்பான் என்றேன். “அப்ப போயிட்டு வரலாமே” என்றான்.

தை மாதம் இரண்டு பேரும் மேலப்பழுவூருக்குப் போனோம். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். அவனுக்கு முடி நரைத்திருந்தது. நெல் புடைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தான். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான். நான் முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், பெட்டியின் அடியில் இருந்தது என்று. அவன் கேட்டுக்கொண்டான். “அது எனக்கு அப்பவே தெரியும்யா. ஒன் மூஞ்சில இருந்துச்சு” என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. காப்பி வந்தது.

பிறகு எங்களைக் கீழையூர் இரட்டைக் கோயிலுக்குக் கூட்டிப் போனான். அவனிகந்தர்ப்ப ஈசுவர கிருகம் என்பது கல்வெட்டுப் பெயர். ஒரே வளாகத்தில் தெற்கே அகத்தீசுவரம், வடக்கே சோழீசுவரம். முதலாம் ஆதித்தன் காலத்துப் பழுவேட்டரையர் எடுப்பித்தது, ஆயிரத்து நூறு வருஷத்துக்கும் மேல் ஆகிறது. தூணைத் தாங்கும் சிங்கங்களின் பிடரி மயிரைச் சுருள் சுருளாகச் செதுக்கியிருக்கிறார்கள். என் தம்பி மகன் ஒரு சிங்கத்தின் காலில் விரலை வைத்து நகத்தை எண்ணினான்.

“படம் வந்த பொறவு காரு காரா வர்றாங்க” என்றான் என் நண்பன். “வந்து எறங்குனதும் நந்தினி அரமனை எங்க இருக்குன்னு கேக்கறாங்க. சொரங்கம் எங்கன்னு கேக்கறாங்க. இல்லீங்கன்னா, மறைக்கறோம்னு நெனைக்கறாங்க. ஒரு அம்மா எங்கிட்டயே கேக்குது, நீங்கல்லாம் அந்த வம்சமா, ஏன் அப்படிப் பண்ணீங்கன்னு.”

இந்தப் பழுவேட்டரையர்கள் சோழர்களுக்குப் பெண் கொடுத்தவர்கள். முதலாம் பராந்தகனின் தேவியரில் ஒருத்தி இவர்கள் வீட்டுப் பெண். அவள் மகன் அரிஞ்சயன், அவன் மகன் சுந்தர சோழன், அவன் மகன் கரிகாலன். அதாவது, கொலையுண்டவன் உடம்பில் பழுவூர் ரத்தமும் ஓடியது. கரிகாலன் இறந்த பிறகு, உத்தம சோழன் காலத்திலும், ராஜராஜன் காலத்திலும் இந்த ஊர்க் கல்வெட்டுகளில் பழுவேட்டரையர் பெயர் மதிப்போடு தொடர்கிறது. அண்ணனைக் கொன்றவர்களின் மாமன் மச்சான் வரை நிலத்தைப் பறித்த ராஜராஜன், இவர்களை ஒன்றும் செய்யவில்லை. கல்கியும் இவர்களைக் கயவர்களாக முடிக்கவில்லை. 64 விழுப்புண் பட்ட கிழவராக, கடைசியில் தன் பிழையைத் தானே சபையில் ஒப்புக்கொண்டு மடிகிறவராகத்தான் பெரிய பழுவேட்டரையரைப் படைத்தார். பாதியில் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் பழியை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்கள் நாங்கள்.

பொன்னியின் செல்வனைப் படியுங்கள். பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், அதைப் போல ஒரு கதை தமிழில் இன்னொன்று வரவில்லை. 1999இல் நாட்டுடைமை ஆகிவிட்டதால் குறைந்த விலையில் எங்கும் கிடைக்கிறது. படித்து முடித்ததும் ஒரு நாள் உடையார்குடிக்குப் போய் அந்த நாலு பெயரையும் கல்லிலேயே பாருங்கள். டார்ச்சைச் சாய்த்து அடிக்க வேண்டும். திரும்பும் வழியில் மேலப்பழுவூரில் இறங்கினால், கீழையூர் இரட்டைக் கோயில் எங்கே என்று கேளுங்கள். நந்தினி அரண்மனை எங்கே என்று மட்டும் அந்த ஊர்க்காரர்களிடம் கேட்காதீர்கள்.